முத்தாத்தாள் கழுவிய டம்ளர்

கேரள எல்லையிலுள்ள முதலமடையில் மாங்காய் தரம் பிரிப்பதில் முத்தாத்தாளுக்கு இணை கிடையாது. காயைக் கையில் எடுத்ததுமே அது டெல்லிக்கா, உள்ளூர்ச் சந்தைக்கா என்று சொல்லிவிடுவாள். காளியாத்தாளின் தோப்பில் முப்பது வருடமாக வேலை. அங்கே அவளுக்கென்று தனியாக ஒரு டம்ளர் உண்டு. டீ குடித்ததும் தானே கழுவி, தொழுவத்துக் கம்பத்தில் கவிழ்த்துவிட வேண்டும். மற்றபடி காளியாத்தாள் நல்ல மனுஷி, சர்க்கரை தாராளமாகப் போடுவாள்.

முத்தாத்தாளின் மகள் செல்வப்பிரியா பாலக்காட்டில் எம்.ஏ. படித்தாள். படித்தவள் சும்மா இருப்பாளா? அந்த டம்ளரை நாடகமாக எழுதிவிட்டாள். வாயனசாலை என்கிற ஊர் நூலகத்தின் ஆண்டு விழா நாடகப் போட்டியில் மேடையேற்றம். கூலிக்காரியாக அம்மாவையே நடிக்க வைத்தாள். தோப்புக்கார அம்மாவாக நடிக்க இருந்த டீச்சர் அன்று காலை காய்ச்சலில் படுத்துவிட, அந்த வேஷத்தைத் தானே போட்டுக்கொண்டாள்.

கடைசிக் காட்சியில் கூலிக்காரி எச்சில் டம்ளரைத் தோப்புக்கார அம்மாவின் கையில் கொடுத்து, "நீங்களே கழுவுங்க" என்று சொல்ல வேண்டும். நாடகமே அந்த ஒரு வசனத்துக்காகத்தான். ஒத்திகையில் டீச்சரிடம் கணீரென்று சொன்னவள்தான்.

மேடையில் முத்தாத்தாள் டீயைக் குடித்தாள். பட்டுச்சேலையில் நின்ற மகள் கையை நீட்டினாள். முத்தாத்தாள் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு குடத்துத் தண்ணீரில் டம்ளரைக் கழுவி, கம்பத்தில் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். முன்வரிசையில் இருந்த காளியாத்தாள்தான் முதலில் கைதட்டினாள். நடுவர்களில் நானும் ஒருவன். இயல்பான நடிப்பு என்று முதல் பரிசு கொடுத்தேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

திரைக்குப் பின்னால் மகள் அழுதாள். "ஏம்மா இப்படிப் பண்ணுனே? நாடகமே போச்சு!"

"என்ற எச்சியக் கழுவறதுக்கா கண்ணு உன்னயப் படிக்க வெச்சேன்?"

"அது நானில்லம்மா, வேஷம்."

"கை உன்ற கைதானே."

மறுநாள் காலை தோப்பில் வழக்கம்போல டீ வந்தது. "நேத்து நல்லா நடிச்சே முத்தாத்தா" என்றாள் காளியாத்தாள். முத்தாத்தாள் நிதானமாகக் குடித்து முடித்து, டம்ளரை அவள் கையில் கொடுத்தாள்.

"நீங்களே கழுவுங்க. நேத்து சொல்ல உட்டுப்போச்சுங்க."

காளியாத்தாள் வாங்கிக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாளாம். அடுத்த நாளிலிருந்து தோப்பில் பேப்பர் கப். சுகாதாரத்துக்கு என்று சொன்னாள். அவள் மட்டும் இன்னும் எவர்சில்வரில்தான் குடிக்கிறாள்.