அடுத்த வரி

ஆபீஸில் அவளை எல்லோரும் ‘வேலி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்டுகளுக்குப் புரோகிராம் எழுதும் கம்பெனி அது. யார் எதை எழுதிக்கொண்டு வந்து காட்டினாலும், “இதுல வேலி எங்கப்பா?” என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

விஷயம் இதுதான். லிஃப்டின் சிப்புக்குள் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று, மாடி எண்ணை எழுதிவிட்டு ‘முடிந்தது’ என்று கொடி காட்டும். மற்றது, கொடியைப் பார்த்ததும் எண்ணைப் படித்துக் கதவுக்கு மேலே எரியவிடும். பழைய சிப் சொன்ன பேச்சைக் கேட்டது. புதிதாக வந்தது சரியான அவசரக்குடுக்கை, தன் வசதிக்கு வரிசையை மாற்றிக்கொள்ளும். ஐந்தாம் மாடியில் கதவு திறக்கும், மேலே நான்கு என்று எரியும். அப்படி முன்னே பின்னே ஆகாமல் நடுவில் போடும் தடுப்புதான் வேலி.

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்றும் அவள் இதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் லிஃப்டை ஒப்படைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தம்பி இருந்தான். மதியம் அவனிடமிருந்து செய்தி வந்தது: ‘ஆபரேஷன் முடிஞ்சிருச்சுக்கா.’

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போனின் சத்தத்தை அணைத்து, கவிழ்த்து வைத்துவிட்டு வேலையில் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் கோளாறு பிடிபட்டது. எழுதும் பக்கம் வேலி இருந்தது, படிக்கும் பக்கம்தான் இல்லை.

“எழுதுறவன் ஒழுங்கா எழுதினா போதுமா? படிக்கிறவன் கொடியை மட்டும் பார்த்துட்டு, கையில இருக்கிற பழசை வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டா?” என்று பக்கத்து சீட்டுக்காரனிடம் சிரித்தாள். கெட்டிக்காரிதான், யார் இல்லையென்றார்கள்?

சாயங்காலம் போனை எடுத்தபோது முதல் செய்திக்குக் கீழே இன்னொன்று இருந்தது. ‘ஆனா தாங்கமாட்டார்னு டாக்டர் சொல்றார். நினைவு இருக்கு, உன்னைத்தான் கேக்குறார். உடனே வா.’ அதற்கும் கீழே, எடுக்காத அழைப்புகள் வரிசையாக.

அவள் போய்ச் சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது. தம்பி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

“முடிஞ்சிருச்சுன்னுதானேடா அனுப்பின?”

“அடுத்த வரியும் அனுப்பினேனேக்கா.”

அவள் பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்கப் பயந்துகொண்டேதான் கேட்டாள்.

“அப்பா... என்னடா சொன்னார்?”

“நீ வழியில வந்துட்டிருக்கேன்னு சொல்லி வச்சேன். மெதுவா வரச் சொல்லுடா, நான் எங்க போயிடப் போறேன்னார்க்கா.”