ஏழு நூல் கட்டிய பிரண்டை

என் அத்தை யாருக்கும் பயந்தவள் அல்ல. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் சாஸ்திரிகளுக்குப் பயப்படுவாள். அது தாத்தாவின் திவசம். முதல் நாளே திருநெல்வேலியிலிருந்து ரயிலேறித் திருவனந்தபுரத்தில் கரமனைக்கு வந்து எங்கள் அடுப்பைப் பிடித்துக்கொள்வாள். அம்மா அன்றைக்கு வெறும் எடுபிடிதான்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், திவசத்தன்று காலையில் காயெல்லாம் நறுக்கி முடிந்த பிறகுதான், சாலைக் கம்போளக் கடைத்தெருவில் அப்பா பிரண்டை வாங்க மறந்துவிட்டார் என்பது தெரிந்தது. திவசச் சமையலில் பிரண்டைத் துவையல் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் அது திவசமே இல்லை. அப்பா ஈர வேட்டியோடு ஹோமத்துக்கு உட்கார்ந்தாயிற்று. அத்தை குளித்து மடி உடுத்தி ஆசாரமாக இருந்தாள், வாசல் தாண்ட முடியாது. அவள் பார்வை என்மேல் விழுந்தது.

“மாடியில அந்தப் பொண்ணு பிரண்டையைக் கொடி கொடியாத் தொங்கவிட்டிருக்காளே, நாலு முழம் நறுக்கிண்டு வா. காயிருந்தா கிள்ளிப் போட்டுடு.”

“அவகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?” என்றாள் அம்மா.

“பிரண்டைக்குப் போய் யாராவது கேப்பாளா?”

மாடியில் குடியிருந்தவள் மலையாளப் பெண். பல்கலைக்கழகத்தில் தாவர ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் சேச்சி என்று கூப்பிடுவேன். தகரக் கூரையின் ஓரத்தில் கம்பிக் கூடைகளைத் தொங்கவிட்டிருந்தாள். அவற்றில் மண் கிடையாது. தேங்காய் மட்டையும் கரித்துண்டும்தான். அதிலிருந்து இலையே இல்லாத பச்சைத் தண்டுகள் என் இடுப்புவரை இறங்கும். ஒரு கூடையில் தண்டு மூன்று பட்டையாக, கணுவுக்குக் கணு திரும்பித் திரும்பி, சங்கிலிபோல் இருக்கும். அதற்குள் தலையை விட்டு நின்றுகொண்டால் வெளியே வர மனசு வராது.

“இது கள்ளியாக்கும், கேட்டோ” என்று சேச்சி ஒருநாள் சொன்னாள்.

“முள்ளே இல்லையே?”

“சின்னதா இருக்கும்போ உண்டு மோளே. வளர்ந்தா போயிடும்.”

சேச்சிக்குத் தமிழ் போதவில்லை, பாவம், பிரண்டையைக் கள்ளி என்கிறாள் என்று முடிவுகட்டினேன். ஆனால் அவள் சொன்ன இன்னொன்று என்னை விடவே இல்லை. இதன் சொந்த ஊர் கடலுக்கு அப்பால் ஒரு மழைக்காடாம். அங்கே இது தரையில் முளைப்பதில்லை. உயரத்தில், மரக்கிளைமேல் உட்கார்ந்திருக்குமாம். மரத்திடமிருந்து ஒரு சொட்டுகூட உறிஞ்சாதாம். எத்தனை மழை பெய்தாலும் கிளைமேல் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், அதனால் அந்தச் செடிக்கு அது பாலைவனம்தான் என்றாள். மழைக்காட்டின் நடுவில், தலைக்கு மேலே ஒரு பாலைவனம்! பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து, ஒரு தடவை சைக்கிள்காரரிடம் திட்டும் வாங்கினேன்.

அந்தச் சங்கிலித் தண்டில் நொய்யரிசி அளவுக்கு வெள்ளை மொட்டுகள் வந்தன. அவை விரிந்தபோது சேச்சி மெல்லிய தூரிகையால் வேறொரு கூடையின் மகரந்தத்தை எடுத்து இவற்றில் தொட்டுவைத்தாள். நாற்பது பூவுக்கு மேல் அப்படிச் செய்தும் ஏழுதான் காய்த்தன. ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு நூல் கட்டினாள். காய்கள் வெளுத்து, முத்துபோலாகி, உள்ளே கறுப்பு விதைகள் நிழலாகத் தெரிந்தன. மூன்று வருஷமாக அவள் காத்திருந்தது அந்த ஏழுக்குத்தான். எனக்கு அது தெரியாது. நூல் அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

திவசத்தன்று அவள் விடியற்காலையிலேயே கிளம்பிப் போயிருந்தாள். அரிக்காமலிருக்கக் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு போய் நான் அந்தச் சங்கிலித் தண்டைக் கத்தரித்தேன். அத்தை சொன்னபடி காய்களைக் கிள்ளினேன். நான்கு நூல் அவிழ்ந்தது. மூன்று அவிழவில்லை, அவற்றை நூலோடு கிள்ளினேன். எல்லாவற்றையும் கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் கொல்லை வாழைமரங்களுக்கிடையே வீசிவிட்டு, பொறுப்பாகக் கீழே இறங்கினேன்.

“மலையாளத்துப் பிரண்டை இளசாத்தான் இருக்கு” என்று அத்தை அதை வதக்கி, மிளகும் உளுத்தம்பருப்பும் வைத்து அரைத்தாள். திவசச் சாப்பாட்டை ருசி சொல்லக்கூடாது என்பது முறை. சாஸ்திரிகள் அதையும் மறந்து, “இன்னிக்குப் பிரண்டை துளிகூட அரிக்கலையே!” என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். அத்தையைக் கையில் பிடிக்க முடியவில்லை.

சாயங்காலம் சேச்சி மாடியேறும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்துக் கீழே வந்தாள்.

“வாம்மா, உன் பிரண்டை அமிர்தம்” என்று அத்தை அதிரசத் தட்டை நீட்டினாள்.

சேச்சி முதலில் கேட்டது, “ஆர்க்கும் வயத்துக்கு ஒண்ணும் இல்லல்லோ?” என்பதுதான். பிறகு என் பக்கம் குனிந்தாள். “மோளே, அதில நூல் கட்டியிருந்தேன் இல்லே? அது எவிடே?”

“கவலையே படாதீங்கோ சேச்சி. ஒண்ணு விடாம எடுத்துக் கொல்லைல எறிஞ்சுட்டேன். தொகையல்ல ஒரு நூல்கூட விழல.”

என் தலையில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பாராட்டுகிறாள் என்று நெளிந்தேன்.

மறுநாள் காலை பல் தேய்க்கப் போனபோது, அவள் வாழைமரத்தடியில் மண்டியிட்டுச் சருகுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“தோடு விழுந்துடுத்தா சேச்சி?”

சருகிலிருந்து தலை தூக்காமல், “ம்” என்றாள்.

நானும் உட்கார்ந்து தேடினேன். அணில் தின்றது போக வெறும் நூல்கள்தான் அங்கங்கே கிடந்தன. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா கத்தும்போது, ஒரு வாழைப்பட்டையின் மடிப்புக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. இழுத்தேன். ஒரு வெள்ளை மணி நூலோடு வந்தது.

“தோடு இல்ல சேச்சி. உங்க நூல்தான்” என்று சோர்ந்துபோய் நீட்டினேன்.

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. என் நெற்றியில் முத்தமிட்டாள்.

இரண்டு மூன்று மாதம் கழித்து மாடிக்குக் கூப்பிட்டு ஒரு கண்ணாடி மூடியைத் திறந்து காட்டினாள். ஈரப் பாசிமேல், அந்த ஒற்றைக் காயின் விதைகளிலிருந்து, கடுகளவில் பதினொரு பச்சைக் குஞ்சுகள் நின்றன. பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள். ஒவ்வொன்றின் உடம்பிலும் மயிரிழை போன்ற வெள்ளை முட்கள்! வளர்ந்ததும் விட்டுவிடப்போகிற முட்களைப் பிறக்கும்போதே போட்டுக்கொண்டு நின்றன. என் மூச்சுப் பட்டு வாடிவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அது கள்ளிதான், சேச்சிக்குத் தமிழ் நன்றாகவே தெரியும் என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டேன்.

அவள் மாடியைக் காலி செய்துகொண்டு போகும்வரை, நேரம் கிடைத்தபோதெல்லாம் நான் வாழைமரத்தடியில் தேடினேன். அவளுடைய தோடு மட்டும் கிடைக்கவே இல்லை. அந்த நாட்களிலெல்லாம் அவளுடைய இரண்டு காதிலும் அதே தோடு இருந்தது.