பூரணியின் இடது காது

இங்கிலாந்தில், லீட்ஸில், எங்கள் டாக்டர் தரையில் உட்காருவார். டை கட்டிய வெள்ளைக்காரர், கார்ப்பெட்டில் சம்மணம் போட்டு, என் மகள் பூரணி தன் பக்கம் திரும்பும்வரை காத்திருப்பார். முதல் தடவை எனக்குக் கூச்சமாக இருந்தது. நம் ஊரில் டாக்டர் முன்னால் நாமல்லவா ஒடுங்கி நிற்போம்? காத்திருக்கும் அறையின் இரைச்சல் பூரணிக்கு ஆகாது என்று தெரிந்ததும், காரிலேயே இருங்கள், முறை வந்ததும் போன் செய்கிறோம் என்றார்கள். ஸ்டெதாஸ்கோப்பை முதலில் என் நெஞ்சில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் நர்ஸ் அவளிடம் போவாள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை அப்படித்தான் பழக்க வேண்டுமாம். அவளுக்கு எதெல்லாம் பிடிக்காது என்று நர்ஸ் ஒருநாள் கேட்டாள். சாப்பாட்டைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, கத்தரிக்காய் என்றார் என் வீட்டுக்காரர். நர்ஸ் சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டாள்.

இவ்வளவு இருந்தும், அந்த அறையில் எனக்கு வாய் கிடையாது. எனக்கு இங்கிலீஷ் வராது. நான் மூச்சுவிடாமல் சொல்வதையெல்லாம் வீட்டுக்காரர் ஒரு வரியாக்கிச் சொல்வார். ஏழு வயதில் பூரணி தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். அவளுக்குப் பேச்சு வரவில்லை. என்ன செய்கிறது என்று கேட்டு அறிய வழியில்லை. எந்தப் பக்கம் அடிக்கிறாள், எப்போது அடிக்கிறாள் என்று நான் சொன்னேன். "ஷி ஹிட்ஸ் ஹெர் ஹெட்" என்றார் இவர். ஆட்டிசத்தில் அப்படி வருவதுண்டு, கொஞ்சநாள் பார்ப்போம் என்று டாக்டர் பரிவோடு சொன்னார். அது இரண்டாயிரமாம் ஆண்டையொட்டிய காலம். மொழிபெயர்க்க வேறு ஆள் கேட்கலாம் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

அந்த ஜூலையில், லீட்ஸ் பள்ளியின் கோடை விடுமுறைக்கு, நானும் பூரணியும் மட்டும் கோவில்பட்டிக்கு, என் தங்கச்சி வீட்டுக்கு வந்தோம். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆடிக்காற்று கரிசல் மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. வந்த மூன்றாம் நாள் பூரணிக்குக் காய்ச்சல். அடிப்பதும் கூடிப்போனது. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் ஆட்டோவில் கூட்டிப்போனேன். உள்ளே ஒரே கூட்டம், குழந்தைகளின் அழுகை. வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

"ஆட்டோவிலேயே இருக்கோம் அண்ணாச்சி, முறை வரும்போது கூப்பிடுதீங்களா?" என்று கம்பவுண்டரிடம் கேட்டேன்.

"எல்லாரும் உள்ளதானம்மா இருக்காவ. ஒங்களுக்கு மட்டும் எப்படி?" என்றார். லீட்ஸில் கேட்காமலே கிடைத்தது இங்கே கேட்டும் கிடைக்கவில்லை.

கைக்குழந்தையோடு வரிசையில் முதலில் நின்ற ஒரு பெண் பூரணியைப் பார்த்தாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை போல, அவள் விரலில் மருந்தின் கறை. "இவிய போகட்டும் அண்ணாச்சி. எம்பிள்ளை தூங்குதான்" என்று ஒதுங்கி நின்றாள்.

டாக்டர் பூரணியின் அலறலைக் கேட்டபடியே ஊசியை எடுத்தார். "சின்னதா ஒண்ணு போட்டா அமைதியாயிருவா."

"வேண்டாம் டாக்டர்" என்றேன். எனக்கே அந்தக் குரல் புதிது. "அவளுக்குக் கோட்டி கிறுக்குல்லாம் இல்ல. எங்கேயோ வலிக்கி. இடது பக்கம் மட்டுந்தான் அடிக்கா. படுத்தா கூடுது. குளுந்த தரையில அந்தக் கன்னத்தை வச்சா சும்மா கிடக்கா. இட்லியை மெல்ல மாட்டேங்கா, கஞ்சின்னா குடிக்கா. ரெண்டு மாசமா இதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

யாரும் இடையில் சுருக்காமல் என் பேச்சு முழுதாகப் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான். அவர் ஊசியைக் கீழே வைத்தார். "காதைப் பாக்கணும். விடுவாளா?"

"மொதல்ல என் காதுல பாருங்க. அவ பாக்கட்டும்."

அவர் தயங்கினார். பிறகு எழுந்து வந்து என் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பூரணி அழுகையை நிறுத்தி அந்த வெளிச்சத்தையே பார்த்தாள். மறுபடி என் காது, மறுபடியும். வெளியே கூட்டம் முணுமுணுத்தது. கடைசியில் அவளே தலையைச் சாய்த்தாள்.

"உள்ள சீழ் கட்டியிருக்கும்மா" என்றார் டாக்டர் மெதுவாக. "இத்தனை நாள் எப்படித் தாங்குனா?" மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "அடுத்த தடவை கூட்டம் சேருமுன்னால காலையிலேயே வந்துருங்க, நான் பாக்கேன்" என்றார். அந்த வாரக் கடைசியில் அடிப்பது நின்றது. பூரணி இட்லியை மென்று தின்றதை நானும் தங்கச்சியும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம்.

லீட்ஸ் திரும்பியதும், இனிமேல் நானே பேசுகிறேன் என்று இவரிடம் சொன்னேன். இவர் விசாரித்து வந்து, போன் வழியாக மொழிபெயர்க்க ஆள் உண்டு என்றார். டாக்டர் நடந்ததை இவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, காதைப் பார்க்காமல் விட்டதற்காக என்னைப் பார்த்தே ஸாரி சொன்னார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். யாழ்ப்பாணத்துப் பெண் குரல்: "சொல்லுங்கோ அம்மா, பிள்ளைக்கு என்ன செய்யுது?"

"காது சரியாயிட்டும்மா. ஆனா சாயந்திரமானா கெறங்கிப்போயிருதா."

"கெறங்கி எண்டால்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கோவில்பட்டித் தமிழை, சோர்ந்து துவண்டுபோகிறாள் என்று அவளுக்குப் புரியும் தமிழில் நான் மாற்றிச் சொல்ல, அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள். டாக்டர் பேனாவைத் திறந்தபடி முழுவதும் கேட்டார். பூரணி என் மடியில் ஏறி, பேசப் பேச அதிரும் என் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். போனில் அந்தப் பெண் பேசும்போது நான் மௌனமானேன். பூரணி கையை எடுக்காமல், அது மறுபடி அதிர்வதற்காகக் காத்திருந்தாள்.