ஜெபசுதா டீச்சர் வாங்கிய அஞ்சு மார்க்

ஜெபசுதாவுக்குச் சொந்த ஊர் நாசரேத்து. கட்டிக்கொடுத்தது தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில். பதினேழு வருசம் நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். கொரோனாவில் பள்ளிக்கூடத்தை மூடினவர்கள் மூடினவர்கள்தான். இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலை. மாத்திரையை ஞாபகப்படுத்த அந்த ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு ஒரு செயலி கொடுத்திருந்தது. நேரமானால் போன் மணியடிக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டு ‘சாப்பிட்டாச்சு’ என்று அமுக்க வேண்டும். செயலி பிடித்திருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவதுதான் ஜெபசுதாவின் பிழைப்பு. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் அஞ்சு வரை மார்க்.

மார்க் போடுவதில் நம்ம ஊர்க்காரர்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. வெயிலில் ஒரு பொம்பளை வந்து நிற்கிறாள், அதுவும் டீச்சர். அவளிடம் போய் மூணு என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? கலர் சோடா வாங்கிக் கொடுத்து, ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டு, பத்துக்கும் அஞ்சு அஞ்சாகப் போட்டு அனுப்பினார்கள். செயலியைத் திறந்தே பார்க்காத ஆள்கூட அஞ்சுதான். ஜெபசுதாவும் லேசுப்பட்டவள் இல்லை. தொண்ணூறு சதவீதம் பேருக்குத் திருப்தி என்று வந்தால் வேலை இன்னும் ஒரு வருசம் நீளும் என்று அதிகாரி டிக்சன் சொல்லியிருந்தார். கிடைத்ததை வாயை மூடிக்கொண்டு எழுதினாள்.

அவள் பட்டியலில் முதல் இடம் சிலுவைக்கு. மீன்பிடி வள்ளத்தில் தங்கல் போகிறவர். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமைதான் கரை. போன வருசம் பிரஷர் ஏறி, வாய் ஒரு பக்கம் கோணி, ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் அவர் பெண்சாதி விஜிலாவிடமே சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட மனுசன் நாலு மாசமாக ஒரு வேளை தப்பாமல் ‘சாப்பிட்டாச்சு’ அமுக்கியிருக்கிறார். டிக்சனுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. மீட்டிங்கில் காட்ட சிலுவையை ஒரு போட்டோ எடுத்து வரச் சொல்லி ஜெபசுதாவை அனுப்பினார்.

புதன்கிழமை காலையிலேயே போனாள். சிலுவை கடலில். விஜிலா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எட்டு மணிக்கு அடுப்படியில் சிலுவையின் போன் மணியடித்தது. விஜிலா எட்டிப் போய் முழங்கையால் ஒரு அமுக்கு அமுக்கினாள்.

ஜெபசுதாவுக்குத் திக்கென்றது. ஏளா, அவரு கடல்ல இருக்காரு, நீ இங்கன அமுக்குதியே என்று கேட்டாள். உப்புத்தண்ணி பட்டால் போன் கெட்டுப்போகும் என்று அவர் கொண்டுபோவதில்லையாம். அமுக்காவிட்டால் பத்து நிமிசத்துக்கு ஒரு தரம் கத்துகிறதாம். மாத்திரையைத்தான் சோத்துவாளியோடு கொடுத்து விடுகிறேனே, அவர் போட்டுக்கொள்வார் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் ஜெபசுதா திரும்பப் போனாள். சிலுவை வீட்டில் இருந்தார். மாத்திரையைக் காட்டச் சொன்னாள். பையிலிருந்து எடுத்து வைத்தார்; நாலு மாசமாக விஜிலா கொடுத்துவிட்டதில் ஒரு அட்டைகூடப் பிரிக்கவில்லை. விஜிலா கீழே உட்கார்ந்து அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

“அதப் போட்டா தலை சுத்துது டீச்சர். விளிம்புல நின்னு வலை இழுக்கணும். விழுந்தா யாரு எடுப்பா?” என்றார் சிலுவை.

டாக்டரிடம் சொல்லியிருந்தால் வேறு மாத்திரை எழுதியிருப்பார். பத்துக் கேள்வியில் இதை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மனுசன் அஞ்சுதான் போட்டிருப்பார், பாவி நானும் அதை எழுதியிருப்பேன் என்று ஜெபசுதாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. இவர் ஒருத்தர் மட்டுமா இப்படி? ஒரு தாளைத் திருத்தினால் அத்தனையையும் திருத்த வேண்டிவரும். தொண்ணூறு சதவீதமாவது, ஒண்ணாவது!

புதுத் தாளை எடுத்தாள். பழைய மார்க் செல்லாது, உள்ளதைச் சொல்லுங்கள் என்றாள்.

“குறைச்சுப் போட்டா ஒங்களுக்கு வேலை போயிருமா டீச்சர்?”

“போனாலும் போகும்.”

சிலுவை ஒரு அட்டையைப் பிரித்து, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

“அப்ப அஞ்சே இருக்கட்டும். நான் தின்னுக்கிடுதேன்.”

ஜெபசுதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பத்துக்கும் ஒன்று ஒன்றாகப் போட்டு, கீழே ‘தலைசுற்றல், டாக்டர் பார்க்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினாள். சிலுவை பேனாவைத் தொட மாட்டேன் என்றுவிட்டார்.

விஜிலா எழுந்து வந்து தாளை வாங்கினாள்.

“ஒங்க வேலைக்கு நான் மாதாகிட்ட மன்றாடுதேன் டீச்சர். எனக்கு இவரு வேணும்,” என்று சொல்லிவிட்டு, கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள்.