பன்றிக்கறி தின்னாதவள்

பெனடிக்டாவுக்குப் பன்றிக்கறி என்றால் உயிர். சூட்டுக்கல் அடுக்கிய மண்குழியில், வாழை இலைக்கு அடியில் அரைநாள் வெந்து, தொட்டதும் எலும்பை விட்டுக் கழன்று வருமே கொழுப்பு, அதற்காக மூன்று மலை தாண்டிப் போய் யாரோ வீட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மணப்பெண்ணின் பெயர்கூடத் தெரியாது. சிம்பு என்கிற அந்த மலைநாட்டில் பன்றிமேல் ஆசைப்படுவது வெட்கப்படும் விஷயம் இல்லைதான். ஆனாலும் அவள் அளவுக்கு யாரும் பகிரங்கமாக ஆசைப்பட்டதில்லை.

அப்படிப்பட்டவள் ஆறு வாரமாகப் பன்றியைத் தொடவில்லை.

காரணம் தேர்தல். அவள் புருஷன் மோண்டோவின் குலத்தைச் சேர்ந்த உம்பா பத்து வருஷமாக எம்.பி. மூன்றாம் முறையாக நிற்கிறார். ஊர் நடுவில் அவருக்குப் புல் வேய்ந்த பிரசாரக் கொட்டகை போட்டிருந்தார்கள். வாரம் தவறாமல் அவர் அனுப்பும் பன்றி அங்கே குழியில் வேகும். ஒருவர் கொடுத்த பன்றியைத் தின்றால் அவருக்கு வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். அது அந்த ஊர் வழக்கம். கையெழுத்து வேண்டாம், சத்தியம் வேண்டாம். தொண்டைக்குள் இறங்கிய துண்டே சாட்சி. தின்றுவிட்டுக் கட்சி மாறியவனைப் பேரன் காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

கொட்டகையை நடத்தியவர் மோண்டோவின் அண்ணன் கௌப்பா, ஊர்க் கவுன்சிலர். கறியை அறுத்துப் பங்கு போட்டவள் அவர் மனைவி மாக்தா, பெனடிக்டாவின் ஓரகத்தி. ஒவ்வொரு வாரமும் மாக்தா ஒரு கொழுப்புத் துண்டை எடுத்துக்கொண்டு வருவாள். பெனடிக்டா வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கீரையுமாக உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வந்து நிற்பாள்.

"பாருடி, எப்படி மினுங்குதுன்னு! மோந்தாவது பாரு, மோந்து பார்த்ததுக்கெல்லாம் ஓட்டு கேக்க மாட்டாரு."

"எனக்கு வயிறு சரியில்ல அக்கா."

"ஆறு வாரமாவா? பேதின்னாகூட மூணு நாள்ல நின்னுடும்டி!"

கொட்டகை முழுக்கச் சிரிக்கும். ஆண்களும் சேர்ந்துகொள்வார்கள். பெனடிக்டா தலையைக் குனிந்து கிழங்கை உரிப்பாள். வாயில் எச்சில் ஊறியது உண்மை. அவள் ஒன்றும் துறவி இல்லை.

அந்த மாக்தாவின் மகள்தான் ரோஸா. போன வருஷம் அவளுக்குப் பத்தொன்பது வயது, தலைப்பிரசவம். குழந்தை வெளியே வந்தது, ரத்தம் நிற்கவில்லை. ஊரில் ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தது. இரண்டு அறை, தகரக் கூரை. எட்டு மாதம் மருந்தே வராமல் போனபோது நர்ஸ் ஜெனிவீவ் வெறுங்கையோடு எத்தனை பேரைத் தடவிக் கொடுப்பாள்? அழுதுகொண்டே பூட்டிவிட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் ஊருக்குப் போய்விட்டாள். அந்தப் பூட்டு துருப்பிடித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ரோஸாவை மூங்கிலில் போர்வை கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஐந்து மணி நேரம் நடந்தார்கள். முன்பக்கத்து மூங்கில் பெனடிக்டாவின் தோளில். அதனால் ரோஸாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை, முனகலை மட்டும் கேட்டுக்கொண்டே நடந்தாள். இரண்டாவது ஓடையைத் தாண்டும்போது முனகல் நின்றுவிட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் இன்னும் வேகமாக நடந்தாள்.

மூன்றாம் நாள் உம்பாவின் வண்டி அதே ரோட்டுமுனைக்கு வந்தது. பளபளவென்று பாலிஷ் போட்டு, பித்தளைக் கைப்பிடி வைத்த சவப்பெட்டி. கௌப்பா அதைத் தடவித் தடவி அழுதார், நன்றிக்கடன் தீராது என்றார். மருந்து ஏறிவர முடியாத ரோட்டில் சவப்பெட்டி மட்டும் எப்படி ஏறி வந்தது? அன்று கூட்டத்தில் நின்ற பெனடிக்டாவுக்கு வேறு எந்த நினைப்பும் ஓடவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. இந்தத் தேர்தலில் நர்ஸ் ஜெனிவீவும் நிற்கிறாள், அவள் எண் முப்பத்தைந்து என்று சந்தையில் காதில் விழுந்த அன்றே பன்றியை நிறுத்திவிட்டாள்.

மோண்டோ சாது. சண்டை என்றால் தோட்டத்துப் பக்கம் போய்விடுகிற ஆள்.

"அண்ணன் சொல்ற நம்பரை எழுதிட்டு வந்தா உன் கை என்ன தேஞ்சா போயிடும்?" என்றான்.

"தேயாது. ஆனா அது என் கையா இருக்காது."

"ஒத்த ஓட்டுடி. மலையைப் புரட்டவா போற?"

"ஒத்த ஓட்டுதானே? அப்புறம் எதுக்கு அதுக்குப் பன்னியை அடிச்சு அனுப்புறாரு?"

மோண்டோ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வாக்குப்பதிவுக்கு முந்தின வாரம் கௌப்பாவே அவள் தோட்டத்துக்கு வந்து வேலிக்கு வெளியே நின்றார்.

"பெட்டி பெட்டியாத்தான் எண்ணுவாங்க. ரேடியோவுல படிப்பாங்க. நம்ம பெட்டியில ஒத்த ஓட்டு அந்தப் பக்கம் விழுந்திருந்தா, யாருதுன்னு கண்டுபிடிக்க எனக்குப் போலீஸ் வேணாம். அன்னைக்கே பைப் பட்டையைத் தலையில மாட்டிக்கிட்டு உங்கப்பன் ஊருக்கு நடையைக் கட்டிடணும். இது எங்க குலத்து மண்ணு."

"மண்ணு உங்களுது மச்சான். கிழங்கு நான் நட்டது."

"அதையும் புடுங்கிட்டுப் போ."

அவர் போனபின் அவள் காலடி மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் கொத்திய மண். அப்பன் ஊரில் அப்பனும் இல்லை, ஒரு கைப்பிடி நிலமும் இல்லை. பயமே இல்லை என்று சொன்னால் அது பொய். பயந்துகொண்டே கிழங்குக் கொடியைத் திருப்பிவிட்டாள், பயந்துகொண்டே தீர்மானத்தில் நின்றாள்.

வாக்குப்பதிவு தேவாலய மைதானத்தில். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெட்டியோடு நடந்து வந்திருந்த அதிகாரி களைத்துப்போயிருந்தார். பெயரைக் கூப்பிடுவார், தாளில் கையெழுத்துப் போடுவார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கௌப்பா அதை வாங்கி, முதல், இரண்டாம், மூன்றாம் விருப்பம் என்று இருந்த மூன்று கட்டத்திலும் வேட்பாளர் எண்களை எழுதி மடித்துக் கொடுப்பார். முதல் கட்டத்தில் எப்போதும் உம்பாவின் இருபத்தொன்று. வந்தவர்களுக்கு வேலை, மடித்த தாளைப் பெட்டியில் போடுவதும் மை வைக்கச் சுண்டுவிரலை நீட்டுவதும்தான். ஓட்டை மறைத்துப் போடத் துணி கட்டிய தடுப்பு ஒன்று மைதான ஓரத்தில் சும்மா நின்றது. உள்ளே ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது.

ஆண்கள் முடிந்து பெண்கள் வரிசை நகர்ந்தது. "பெனடிக்டா மோண்டோ!"

கௌப்பா தாளை எடுத்தார். அவள் கையை நீட்டினாள்.

"என் பேரைத்தானே கூப்பிட்டாங்க? குடுங்க மச்சான்."

"உனக்கு எழுதத் தெரியாது. தள்ளி நில்லு."

"நம்பர் தெரியும். சீட்டாட்டத்துல உங்களை எத்தனை தடவை கவுத்திருக்கேன்? அப்போ எண்ணத் தெரியலையா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கௌப்பாவின் முகம் கறுத்தது.

"எங்க பன்னியைத் தின்னுட்டு, எங்க முன்னாலயே கை நீட்டுறியா?"

பெனடிக்டா இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆறு வாரம் காத்திருந்தாள். மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்: "நான் தின்னல. நான் வாக்குக் குடுக்கல. கொட்டகையில உக்காந்து சிரிச்சீங்களே, அத்தனை பேரும் சொல்லுங்க. நான் ஒரு துண்டு தின்னேனா?"

கௌப்பா வரிசையில் பெனடிக்டாவுக்குப் பின்னால் நின்ற தன் மனைவியைப் பார்த்தார். "நீ சொல்லு. நீதானே பங்கு போட்டவ. ஒரு துண்டாவது தின்னிருப்பால்ல?"

"தின்னல," என்றாள் மாக்தா, முகத்தைச் சுளித்தபடி. "மூக்குக்கு நேரா நீட்டினேன். திமிர் பிடிச்சவ, நாக்கைக்கூட நீட்டல."

ஆண்கள் பக்கமிருந்து ஒரு கிழவர் இருமிவிட்டுச் சொன்னார்: "தின்னாதவளைக் கட்டுப்படுத்துறதுக்கு நமக்கு வழக்கம் இல்லப்பா கௌப்பா. தாளைக் குடு."

அதிகாரிக்கும் அப்போதுதான் கொஞ்சம் தைரியம் வந்திருக்க வேண்டும். "மிச்சப் பொம்பளைங்களும் தடுப்புக்குள்ளயே போய் எழுதட்டும். எனக்கும் மேல பதில் சொல்லணும்ல," என்று முணுமுணுத்தார்.

கௌப்பா ஒரு கணம் யோசித்தார். கூடாது என்றால், தன் பன்றிமேல் தனக்கே நம்பிக்கை இல்லை என்று ஊருக்கு முன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி. சிரித்தார். "தாராளமா போகட்டுமே! எல்லாம் வயிறு முட்டத் தின்னவளுங்க. எங்க போயிடப் போறாளுங்க?"

பெனடிக்டா கோழியை விரட்டிவிட்டு உள்ளே போனாள். மூன்றும் ஐந்தும் சீட்டுக்கட்டிலேயே இருக்கின்றன. முதல் கட்டத்தில் அந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதினாள். ஐந்தின் வயிறு கோணலாகப் போயிற்று. மீதி இரண்டு கட்டத்தில் ஏழும் ஒன்பதும் போட்டாள், அந்த வேட்பாளர்கள் யாரென்றே தெரியாது. வெளியே வந்து தாளைப் பெட்டியில் போட்டுவிட்டுச் சுண்டுவிரலை மையில் முக்கினாள். அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், கடை முன்னால் ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றது. பெனடிக்டா பின்னல் பையின் பட்டையைத் தலையில் மாட்டி, முதுகில் தொங்கவிட்டுக்கொண்டே வந்திருந்தாள். உள்ளே துணிமணி, ஒரு பானை, நடுவதற்குக் கொஞ்சம் கிழங்குக் கொடி. மோண்டோ அதைப் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவன் முதுகிலும் ஒரு மூட்டை இருந்தது. அவனுக்கு அவ்வளவு ரோஷம் இருக்கும் என்று அவளே நினைத்ததில்லை.

ரேடியோவில் அவர்கள் பெட்டி வந்தது. இருபத்தொன்று, முந்நூற்று நாற்பத்திரண்டு. கூட்டம் கைதட்டியது. முப்பத்தைந்து, பதினேழு.

"தப்பு!" என்று கத்தினார் கௌப்பா. "வேற ஊர்ப் பெட்டியைப் படிக்கிறான்!"

பெண்கள் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு பக்கம் பார்த்தார்கள். ஒருத்தி கூரையைப் பார்த்தாள். ஒருத்தி தன் கால்விரலை. மாக்தா பல்லைக் குத்திக்கொண்டிருந்தாள். கௌப்பாவின் பார்வை ஒவ்வொரு முகத்திலும் போய்த் தடுக்கி விழுந்தது.

பெனடிக்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. பையைக் கீழே இறக்கினாள்.

"பதினேழு பேரையும் ஊரை விட்டு அனுப்புறதா இருந்தா நானும் வரேன் மச்சான். மத்த பதினாறு பேர் யாருன்னு சொல்லுங்க, சேர்ந்தே நடக்கிறோம்."

கௌப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார்.

உம்பாதான் ஜெயித்தார், இருநூற்றுச் சொச்சம் ஓட்டில். போன தடவை நாலாயிரம். சொந்தக் குலத்துப் பெட்டியிலேயே பதினேழு என்றதும் ஆளுக்கு வியர்த்துவிட்டது. யார் அந்தப் பதினேழு என்று ஆள்மேல் ஆள் அனுப்பி விசாரித்தார். தெரிந்திருந்தால் அவர்களை மட்டும் மிரட்டியிருப்பார், இல்லை வாங்கியிருப்பார். தெரியாததால் ஊர் மொத்தத்தையும் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. இரண்டாம் மாதம் துருப்பிடித்த பூட்டை உடைத்தார்கள். சுமையாட்கள் மருந்துப் பெட்டிகளைத் தூக்கி வந்தார்கள். கேட்டதில் பாதிதான் வந்தது, ஆனால் வந்தது. புதிதாக ஒரு நர்ஸும் வந்து சேர்ந்தாள்.

திறப்புவிழாவுக்கு உம்பா பன்றி அனுப்பினார். மாக்தா வழக்கம்போல ஒரு துண்டை இலையில் வைத்து எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பெனடிக்டாவிடம் வந்தாள்.

"இந்தா. கொழுப்பா பார்த்து அறுத்தேன்."

"யாரு பன்னி அக்கா?"

"வேற யாருது, உம்பாவோடதுதான்."

"அப்போ வேணாம். அஞ்சு வருஷம் சீக்கிரம் ஓடிடும், அடுத்த ஓட்டு வந்துடும்."

மாக்தா சிரிக்கவில்லை. திறந்த கதவு வழியாக உள்ளே போட்டிருந்த பிரசவக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோஸாவைப் புதைச்சதுக்கு அப்புறம் அவன் அனுப்பின ஒவ்வொரு துண்டையும் தின்னேன்டி. எம் புருஷன் பார்க்கப் பார்க்கத் தின்னேன். உன்னைத் திட்டிக்கிட்டே தின்னேன்." இலையை அவள் கையில் திணித்தாள். "வாய்தான் தின்னுச்சு. கை திங்கல."

பெனடிக்டா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அந்த வாசலிலேயே நின்று, கொழுப்பு முழங்கை வரை வழிய வழிய, எலும்பு மட்டும் மிஞ்சும்வரை தின்றாள்.