பவுன்ராஜின் கார் கிளம்பாத நாள்

ஏலப்பாறைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கார் வைத்திருந்தவன் பவுன்ராஜ் ஒருவன்தான். தோட்டத்து ஃபாக்டரியில் அவனுக்கு ஃபிட்டர் வேலை. அண்ணனிடமிருந்து கைமாறி வந்த பழைய வெள்ளைக் கார் அது. பேருக்குத்தான் அவனுடையது, லயத்தில் அத்தனை வீட்டுக்கும் அதில் பாத்தியதை உண்டு. பிரசவ வலியா, பெண் பார்க்கப் போவதா, ரேஷன் மூட்டை ஏற்றுவதா, எதுவானாலும் "பவுனண்ணே" என்று வாசலில் ஒரு குரல் கேட்கும். அவனும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

தங்கமான மனுஷன் என்று லயமே சொன்னது. அதில் பாதிதான் உண்மை. மறுபாதி என்னவென்றால், முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. கேட்டவர் முகம் சுண்டிப்போவதைப் பார்க்கும் தைரியம் அந்த மனுஷனுக்குக் கிடையாது. அவன் மனைவி செல்வப்பிரியா இதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை.

"ஒங்களுக்கு வாயி எதுக்கு இருக்கு? சோறு திங்க மட்டுமா?" என்பாள். அதற்கும் சிரித்துக்கொண்டு தலையாட்டுவான்.

நாலு வீடு தள்ளி இருந்தவள் சந்தனமேரி. கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவள், புருஷன் இல்லை, மகன் திருப்பூரில். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, எதிரே வருவது ஆளா மாடா என்று தெரியாத நிலைக்கு வந்திருந்தாள். கட்டப்பனையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை வெளியூர் டாக்டர் வந்து ஆபரேஷன் செய்வார். காலை ஒன்பதுக்குள் அங்கே இருக்க வேண்டும். ஒரு வாரம் முன்பே பவுன்ராஜிடம் கேட்டுவிட்டாள். அவனும் வழக்கம்போல் தலையாட்டிவிட்டான்.

அந்த வாரம் பார்த்து ஃபாக்டரியில் மெஷின் படுத்துக்கொண்டது. இரவும் பகலும் அதோடு மல்லுக்கட்டி, ஆபரேஷன் நாளன்றுதான் அவனுக்கு லீவு கிடைத்தது. வெளியே நல்ல மழை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்க வேண்டும், அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதில் ஒரு பாவமும் இல்லை. முந்தின சாயங்காலமே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விடிவதற்குள் எழுந்துபோய்க் கார் பானெட்டைத் திறந்து, ஸ்டார்ட்டர் ரிலே என்கிற தீப்பெட்டி அளவுக் கருப்புப் பெட்டியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அது இல்லையென்றால் லைட் எரியும், ஹார்ன் அடிக்கும், சாவியைத் திருப்பினால் மட்டும் வண்டி கிளம்பாது. முன்பு ஒருமுறை அது கெட்டுப்போனபோது மலையாளி மெக்கானிக் ஜிஜோ காட்டிக்கொடுத்த விஷயம்.

சந்தனமேரி கோயிலுக்குக் கட்டும் சேலையில், மாற்றுத்துணிப் பையோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். பவுன்ராஜ் சாவியைத் திருப்பினான். லைட்டெல்லாம் பளிச்சென்று எரிந்தது. இன்ஜினில் சத்தமே இல்லை.

"என்னன்னு தெரியலையேக்கா" என்றான். பொய் இவ்வளவு சுலபமாக வந்ததில் அவனுக்கே ஆச்சரியம்.

அவள் இறங்கிப் போய்விடுவாள், தானும் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். ஆனால் விஷயம் தெரிந்து லயமே திரண்டு வந்துவிட்டது. அதுவரை செய்த உதவியெல்லாம் அன்றைக்குத்தானா அவனைத் தேடி வரவேண்டும்! ஒருவன் பேட்டரி முனைகளை உப்புத்தாளால் தேய்த்தான். இன்னொருவன் சேற்றில் மல்லாந்து படுத்து ஸ்டார்ட்டரை ஸ்பேனரால் தட்டிப் பார்த்தான். யாரோ ஜிஜோவுக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்கள்.

"லைட்டு மங்கலையே சேட்டா? அப்போ பேட்டரி குழப்பமில்ல. திருப்பும்போ டிக்குனு கேக்குதா?"

"இல்ல."

"அப்போ ரிலேதான். அது எடத்துல இருக்கானு ஒண்ணு நோக்குங்க."

எல்லோரும் பவுன்ராஜைப் பார்த்தார்கள். அவன் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்ப்பதுபோல் பார்த்து, "இருக்கு" என்று சொல்லி மூடினான். சட்டைப் பையை முழங்கையால் மறைத்துக்கொண்டான். அவமானத்தில் காது இரண்டும் சுட்டன.

"இதுக்கு எதுக்கு மெக்கானிக்கு? இறக்கத்துல தள்ளி விட்டா தானா எடுக்கும்" என்றாள் பக்கத்து வீட்டுச் சரஸ்வதியம்மாள்.

அவன் முகம் வெளிறியது. ரிலே இல்லாவிட்டால் சாவிதான் வேலை செய்யாது, இறக்கத்தில் உருளும்போது கியரில் போட்டுக் கிளச்சை விட்டால் இன்ஜின் எடுத்துக்கொள்ளும். மலையில் பிறந்து வளர்ந்தவன் இதை எப்படித்தான் மறந்தானோ! முதல் தடவை தள்ளியபோது கிளச்சிலிருந்து காலை எடுக்காமலே உட்கார்ந்திருந்தான். வண்டி வளைவு வரை உருண்டு நின்றது. மறுபடி தள்ளினார்கள். கண்ணாடியில் பார்த்தால், ஒருத்தன் வழுக்கிச் சேற்றில் விழுந்து, சிரித்தபடியே எழுந்து வந்து திரும்பவும் கை கொடுக்கிறான். பக்கத்தில் சந்தனமேரி கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தாள். பவுன்ராஜால் தாங்க முடியவில்லை. கிளச்சை விட்டான். இன்ஜின் உறுமியது. பின்னால் கைதட்டிச் சிரித்தார்கள்.

கட்டப்பனை போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. பதற்றத்தில் வண்டியை அணைத்துவிட்டு அவளைக் கைப்பிடித்து உள்ளே ஓடினான். இன்றைக்கு இனி ஆளெடுக்க முடியாது, அடுத்த மாதம் வாருங்கள் என்றாள் நர்ஸ். கெஞ்சிப் பார்த்தான், பலிக்கவில்லை.

வெளியே வந்ததும் சந்தனமேரிதான் அவனைத் தேற்றினாள். "வண்டி பண்ணுன கோளாறுக்கு நீ என்னய்யா செய்வ? என்னால எல்லாரும் மழையில நனைஞ்சு, நீயும் லீவ தொலைச்சு... எனக்குத்தான் மனசு கேக்கல."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. கார் ஆஸ்பத்திரி வாசலில் சமதரையில் நின்றது; தள்ளினால்தான் மறுபடி கிளம்பும். அவள் பையைக் கீழே வைத்தாள். காரைத் தடவிக்கொண்டே பின்னால் போய், இரண்டு கையையும் டிக்கியில் ஊன்றினாள்.

"நீ ஏறிக்க தம்பி. நான் தள்ளுதேன்."

"வேணாங்க்கா."

"கொழுந்துக் கூடை சுமந்த ஒடம்புதான், ஒண்ணும் ஆகாது. நீ ஏறு."

அவள் தள்ளவே ஆரம்பித்துவிட்டாள். பவுன்ராஜ் பானெட்டைத் திறந்து, பையிலிருந்த ரிலேயை எடுத்துப் பொருத்தினான். சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பிவிட்டது.

"என்ன பண்ணுன?" என்றாள் அவள்.

"காலைல நாந்தான்க்கா கழட்டி வச்சேன். ஒடம்பு அசதியா இருந்துச்சு. வர முடியலன்னு ஒங்ககிட்ட சொல்ல வாய் வரல. என்னைய மன்னிச்சிருங்கக்கா."

சந்தனமேரி டிக்கியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு குனிந்து தரையைத் தடவிப் பையை எடுத்துக்கொண்டாள்.

"நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தா மொதல் பஸ்ஸுக்கே வந்திருப்பேனே தம்பி. துணைக்கு வாரேன்னு சரசுகூடச் சொன்னா. நீ இருக்கேன்னுதான் வேணாம்னுட்டேன்."

பவுன்ராஜ் ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு. எனக்குத்தான் கண்ணு தெரியலையே."