ஈரம் சொன்ன கருவி

கோதுமையைச் சப்பாத்தியாகத்தான் எனக்குத் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். ஆனாலும் ஹைதராபாத்தின் உப்பல் பகுதியில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, வடக்கே மலையடிவாரத்துக் கோதுமை விவசாயிகளுக்கு எப்போது பூஞ்சை மருந்து அடிக்க வேண்டும் என்று சொல்வது என் வேலை. வயல்களில் நட்டிருக்கும் கருவிகள் குளிர், மழை, இலையின் ஈரம் எல்லாவற்றையும் என் திரைக்கு அனுப்பும். குளிரும் ஈரமும் சில மணி நேரம் சேர்ந்து நின்றால் போதும், மஞ்சள் துரு நோய் பிடித்துக்கொள்ளும்.

அந்த ஜனவரியில் ஒரு வயலின் கருவி, இரவெல்லாம் இலை நனைந்திருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தது. மழையோ ஒரு சொட்டுகூட இல்லை. இங்கே ஜன்னலுக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. மழையில்லாமல் ஈரம் எங்கிருந்து வரும், கருவிதான் கெட்டுவிட்டது என்று அந்த அளவுகளையெல்லாம் நீக்கிவிட்டேன். பெரிய அறிவாளி! மூடுபனி என்று ஒன்று இருப்பது என் மண்டைக்கு எட்டவே இல்லை.

அந்த வயல்காரர் பெரியவர். சித்தப்பா என்ற பொருளில் சாச்சா என்று கூப்பிடுவேன்; அவருக்கு நான் பேட்டா, மகன். வாரம் ஒருமுறை போன் செய்து, மருந்து அடிக்கட்டுமா என்று இந்தியில் கேட்பார். நான் ஹைதராபாத் பாணியில் "நக்கோ" என்பேன், வேண்டாம் என்று. அந்தச் சொல்லைக் கேட்டாலே அவருக்குச் சிரிப்பு. மூன்று வாரம் நக்கோ சொன்னேன். நான்காம் வாரம், வயலுக்குள் நடந்தால் துணியெல்லாம் மஞ்சள் பொடி ஒட்டுகிறது என்றார். அறுவடையில் பாதி விளைச்சல்கூடத் தேறவில்லை.

அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "இலையில மஞ்சக் கோடு விழுந்தத முன்னாடியே பார்த்தேன் பேட்டா. நீங்க வேணாம்னு சொன்னீங்களே, அதான் சும்மா இருந்துட்டேன்" என்றார். கருவி பழுதாகிவிட்டது சாச்சா என்று கூசாமல் பொய் சொன்னேன். தன் வயலில் இருந்த கருவியைத் தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த குளிர்காலத்தில் பக்கத்து வயல்களில் வெயில் ஏறும்வரை ஈரம் நின்றது. சாச்சாவின் வயலில் மட்டும் தினமும் விடிந்ததுமே ஈரம் காணாமல் போனது. போன் செய்தேன். தினமும் காலையில் சுத்தமான துணியால் கருவியைத் துடைப்பதாகப் பெருமையோடு சொன்னார். இலை நனைந்தே கிடக்கும், கருவி காய்ந்துவிட்டது என்று சொல்லும், நான் மறுபடியும் நக்கோ சொல்லியிருப்பேன்.

துடைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

"ஏன் பேட்டா? ஈரம் பட்டுத்தானே போன வருஷம் கெட்டுப்போச்சு?"

"அது கெடல சாச்சா. சரியாத்தான் சொல்லிச்சு. நான்தான் அத நம்பல. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

போனை வைத்துவிடுவார் என்றே நினைத்தேன். ஆனால் அவர், இன்றைக்கு மருந்து அடிக்கட்டுமா என்று கேட்டார். என்னிடமே கேட்டார்.